பாவாத்தாளும் முழுக்கைச் சட்டையும்

பாவாத்தாள் யாருக்கும் கையால் சோறு போட்டு நான் பார்த்ததில்லை. களி கிண்டினால் அதைக் கையில் உருட்ட மாட்டாள். ஈரத் தட்டத்தில் கொட்டி அகப்பையாலேயே வெட்டி வைப்பாள். வெற்றிலை கொடுப்பதென்றால் முறத்தில் வைத்து நீட்டுவாள். தானும் கையால் தின்ன மாட்டாள். பனையோலையை மடித்து அதில் கம்பங்கூழை மொண்டு வாயில் விட்டுக்கொள்வாள். உக்கடம் குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் லைன் வீடுகளில் இருந்தவர்கள் முதலில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் வேலை என்னவென்று தெரிந்த பிறகு சிரிப்பு நின்றுபோனது. அந்த முறத்தையும் ஒருத்தியைத் தவிர யாரும் தொடவில்லை.

நான் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ வார்டு ஆயாவாக இருந்தேன். பாவாத்தாளுக்கும் அங்கேதான் வேலை. ஆனால் அவள் இடம் பின்பக்கம், மதிலோரம், ஓடு போட்ட ஒற்றை அறை. அறுப்பு ரூம் என்போம். உள்ளே ஒரு சிமெண்டு மேடை. மேடையின் விளிம்பைச் சுற்றி விரல் அகலத்துக்கு ஒரு வாய்க்கால். அதில் ஓடுவது வந்து விழ ஒரு தகரத் தொட்டி. சுவரோரம் மூடி போட்ட இன்னொரு பெரிய தொட்டி, அது நிறைய மருந்துத் தண்ணீர். கேட்க ஆளில்லாத பிணங்களுக்கு டாக்டர் தொடையில் குழாய் சொருகி மருந்து ஏற்றி அந்தத் தொட்டியில் போட்டுவைப்பார். ரயிலடியில் செத்துக் கிடந்தவர்கள், மழை பொய்த்துப் பிழைக்க வந்து காய்ச்சலில் போனவர்கள், ஊர் பேர் சொல்லாமலே கண்ணை மூடிய கிழவிகள் எல்லாரும் கடைசியில் அந்த மேடைக்குப் போனார்கள். டாக்டர் வேலை முடித்துப் போன பிறகு மேடையையும் வாய்க்காலையும் தேங்காய் நாரும் பினாயிலும் போட்டுத் தேய்ப்பது பாவாத்தாள் வேலை.

டாக்டர் பேர் பாலகோபால். மெட்ராஸில் படித்துச் சீமைக்கும் போய் வந்தவர். மெதுவாகப் பேசுவார். பாவாத்தாளைக்கூட ஒரு நாளும் அதட்டியதில்லை. நீலகிரியிலிருந்து பைக்காரா கரண்டு வந்த பிறகு கோயமுத்தூரில் மில் மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்தது. மிஷினும் பெல்ட்டும் பெருகியது போலவே நசுங்கிய கைகளும் பெருகின. துணியில் சுற்றி ரத்தம் சொட்டச் சொட்டக் கொண்டுவருவார்கள். மணிக்கட்டோடு எடுத்துவிடுவதுதான் அதுவரை வழக்கம். டாக்டர் பாலகோபால் எடுக்காமல் இருக்க வழி தேடினார். விரலை மடக்குவது கயிறு மாதிரி உள்ளே ஓடும் நார்தானாம். அது அறுந்தால் இரண்டு நுனியையும் சேர்த்துத் தைக்க வேண்டுமாம். தையல் பிரியவும் கூடாது, சதையோடு ஒட்டிக்கொள்ளவும் கூடாது. அதனால் பிணங்களின் கைகளைத் திறந்து, நாரை அறுத்து, ஒரு கையில் ஒருவிதமாகவும் இன்னொரு கையில் வேறுவிதமாகவும் தைத்து, எடைக்கல் கட்டி இழுத்துப் பார்ப்பார்.

ஒரு தடவை பாவாத்தாள், டாக்டர் போய்விட்டார் என்று நினைத்துக் கதவைத் திறந்தாள். அவர் மேடைப் பக்கம் குனிந்து முழங்கைக்கிட்ட எதையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மேடையில் கிடந்த கிழவியின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. விட்டதும் விரிந்தன. திரும்ப மடங்கின.

“வா வான்னு கூப்பிடறாப்பல இருந்துச்சு கண்ணு,” என்றாள் என்னிடம். அன்றைக்கு அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நாற்றம் பழகிவிட்டது என்பாள். பழகாதது நகம்தான். அரப்பு போட்டுத் தேய்த்தாலும், புளி போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் நிற்கிறது என்று விரலை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளிப்பாள். நான் மோந்து பார்த்திருக்கிறேன். ஒன்றும் இல்லை. அதை அவளிடம் சொல்லிப் பயனில்லை.

சிறுவாணித் தண்ணீர்க் குழாயடியில் அவளுக்கென்று ஒரு ஓரம் உண்டு. குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்திக்கொள்வார்கள். ஒருத்தி ஒரு நாள் கேட்டாள். “ஏனுங்க பாவாத்தா, இன்னிக்கு என்னங்க அறுத்தீங்க? ஈரலா, தொடையா?”

“உங்கூட்டுக்காரரு அந்த மேடைக்கு வந்து சேரட்டும் அம்மணி. உனக்கு எது வேணுமோ எடுத்து வெக்கறேன்,” என்றாள் பாவாத்தாள், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. அதற்குப் பிறகு குழாயடியில் அந்தக் கேள்வி வந்ததில்லை.

அவள் ஊர் பேரூருக்கு மேற்கே, நொய்யல் கரையில் ஒரு சின்ன ஊர். ஊருக்குத் தெற்கே, ஒதுக்கமாக, அவர்கள் சாதிக்காரர் குடியிருந்த வளவு. வளவில் எல்லாரும் ஊர் நிலத்துக்காரரான பண்ணாடியின் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். புருசன் வாந்திபேதியில் போன பிறகு, பிள்ளைகுட்டி இல்லாதவள், டவுனுக்கு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அந்த ஒரு வேலைக்குத்தான் ஆள் நிலைக்கவில்லை. இவள் நிலைத்தாள். வேறு போக்கிடம் இல்லை.

அவளைப் பார்க்க வந்த ஒரே மனுசன் அவள் அண்ணன் வெள்ளியங்கிரி. பண்ணாடியின் கிணற்றில் கவலை ஓட்டுபவர். மாட்டைப் பின்னுக்கும் முன்னுக்கும் நடத்தி, கயிற்றின் மேல் உட்கார்ந்து நாள் முழுக்கத் தண்ணீர் இறைத்த உடம்பு. முன்கை இரண்டும் முறுக்கிய வடம் மாதிரி இருக்கும். சந்தைக்கு வரும்போது ஒரு மடி அவரையோ கொள்ளோ கொண்டுவருவார். இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு, அவ்வளவுதான். சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் வளவில் யாரும் போடுவதில்லை. போட்டுக்கொண்டு பண்ணாடி முன்னால் நிற்க முடியாது.

அவருக்கு மட்டும் அவள் வேலை அருவருப்பாக இல்லை. இருந்தாலும் காட்டிக்கொண்டதில்லை.

“உருட்டிக் குடு பாவா. அகப்பையில போட்டா எனக்கு எறங்காது.”

“எறங்காட்டிப் போ. என்ற கை என்னத்தைத் தொட்டுப்போட்டு வருதுன்னு உனக்குத் தெரியாதா?”

“நாளைக்கு நான் செத்தா வாய்க்கரிசியும் அகப்பையிலதான் போடுவியா?”

“அதுக்கு மட்டும் கையால போடறேன், போ. தேச்சுக் கழுவிப்போட்டு வந்து போடறேன்.”

இதைச் சொல்லி அண்ணனும் தங்கையும் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

முப்பத்தைந்தாம் வருசம் பங்குனியில் வெள்ளியங்கிரியைக் கட்டை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். குடல் முறுக்கிக்கொண்டு வயிறு பானை மாதிரி வீங்கியிருந்தது. அவர் மகன் சின்னான் கொண்டுவந்து சேர்த்துவிட்டு அன்றே திரும்பிவிட்டான். பாவாத்தாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் விடியும்போது அவருக்குப் பேச்சு குழறியது.

“இங்க உட்டுப்போடாத பாவா.”

“என்ன பேச்சுப் பேசறே.”

“அந்த ரூம்புக்கு வேண்டாம். என்ற பொண்டாட்டி பக்கத்துல கொண்டுபோயிப் போட்டுரு. முழுசாக் கொண்டுபோ.”

“நீயே நடந்து போவே, பேசாம கெட,” என்றாள். வெயில் ஏறுவதற்குள் அவர் போய்விட்டார்.

சொல்லி அனுப்பி, சின்னான் வந்தது பொழுது சாயும் நேரத்தில். தனியாக வந்தான். தோளில் தூக்க ஆட்களும் இல்லை, கோடித் துணியும் இல்லை. பாவாத்தாள் அவன் கையைப் பார்த்தாள், பின்னால் பார்த்தாள்.

“வண்டி எங்கடா?”

“கம்பம் நட்டுப்போட்டாங்க அத்தை.”

மாகாளியம்மன் நோம்பி, ஊர்த் திருவிழா. ஊர்ச் சாட்டு ஆகி, மூன்று கவையுள்ள மரத்தை வெட்டிக் கோயில் முன்னால் நட்டுவிட்டால், அதைப் பிடுங்கிக் கிணற்றில் விடும்வரை வெளியூரில் செத்த பிணம் எல்லைக்குள் வரக் கூடாது. அது பாவாத்தாளுக்கும் தெரியும். ஆனால் அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றை அவன் சொன்னான்.

“கம்பத்தைச் சுத்தி ஆடறதுக்கு நாந்தான் தப்பட்டை அடிக்கோணும். நானும் சாவுத் தீட்டாப் போயிட்டா யாரு அடிக்கிறது? பண்ணாடி சொல்லிப்போட்டாரு. நோம்பி முடியட்டும், அப்பறம் உங்கப்பன் சாவட்டும்னு.”

“உங்கப்பன் செத்துக் கெடக்கறானேடா.”

“ஊருக்கு இன்னும் சாவுலீங்க அத்தை. நான் யாருகிட்டயும் சொல்லுல. அய்யனுக்கு இன்னும் வயித்து வலி இருக்குதுன்னு சொல்லிட்டு வந்தேன்.” அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் நின்றான். பிறகு சொன்னான். “இங்க மருந்துத் தொட்டி இருக்குதாமா. அதுல போட்டா எத்தனை நாளானாலும் கெடாதாமா. நீ இங்கதானே இருக்கறே. ஒரு மூலையில வெச்சிரு. கம்பம் எடுத்த அன்னிக்கு வண்டியோட வாரேன்.”

குதிரில் தானியத்தைப் போட்டுவைத்து வேண்டும்போது எடுப்பதைப் போல அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அந்தத் தொட்டி யாருக்காக, எதற்காக என்று அவனுக்குத் தெரியாது. பாவாத்தாள் அதை அவனுக்கு எடுத்துச் சொல்லவில்லை. டவுனில் புதைக்கலாம் என்றால், எந்தச் சுடுகாட்டிலும் ஒவ்வொரு சாதிக்கும் இடம் பிரித்து வைத்திருந்தார்கள். கேட்பதற்கு அவளுக்கு ஆள் இல்லை. தூக்கவும் ஆள் இல்லை. தவிர அண்ணன் கேட்டது அது இல்லை.

அவள் டாக்டரிடம் போனபோது நானும் கூடப் போனேன். டாக்டர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“சும்மா வைக்க எனக்கு அனுமதி கிடையாது, பாவாத்தா. அந்தத் தொட்டியில் வைக்கணும்னா ஆராய்ச்சிக்குன்னு இருக்கணும்.”

“அப்படின்னா அறுக்கோணுமுங்களா?”

“கை ரெண்டு மட்டும். அதையும் வெட்டி எடுக்கறதில்லை. முன்கையைத் திறந்து பார்த்துட்டுத் திரும்பத் தைச்சுடுவேன். மருந்து ஏத்தக் குழாய் சொருகறதைத் தவிர வேறு எங்கேயும் கத்தி படாது. உன் அண்ணனை முழுசா உங்கிட்டயே தர்றேன்.”

அப்படியே அவர் வார்டுக்கு வந்தார். போர்த்தியிருந்த துணியை விலக்கி வெள்ளியங்கிரியின் கையைத் தூக்கினார். கட்டைவிரலால் மணிக்கட்டிலிருந்து மேலே அமுக்கிக்கொண்டே போனார். திருப்பிப் பார்த்தார். சந்தையில் கிடாயின் தொடையை அமுக்கிப் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

“கவலை ஓட்டின கையா?” என்றார். “நல்ல கை. எனக்குக் கிடைக்கிறதெல்லாம் பட்டினி கிடந்த கைகள். தைச்சா நூல் நாரை அறுத்துக்கிட்டு வந்துடும்.”

அவர் குரலில் சந்தோசம் இருந்தது. அதை மறைக்கப் பார்த்தார் என்பதும் தெரிந்தது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

பாவாத்தாள் விலகிய துணியை இழுத்து அண்ணன் கையை மூடினாள். அப்புறம், “நல்ல நூலாப் போட்டுத் தையுங்க சாமி,” என்றாள்.

கத்தி வைக்கும் அன்றைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் போனாள். “வேற யாரு கழுவறது? முனிசிபாலிட்டிக்காரன் வந்து எங்கண்ணனைச் சாக்கடையில தள்ளறதுக்கா?” என்றாள். அவள் திரும்பி வந்து குளித்துவிட்டுத் தலை ஈரம் சொட்ட என் வாசலில் உட்கார்ந்தாள். அவளாகச் சொன்னாள்.

“வாய்க்கால்ல தண்ணி ஊத்தினேன். ஒண்ணு மஞ்சளா ஓடுச்சு, ஆட்டுக் கொழுப்பாட்டம். ஓட்டையில போயி அடைச்சுக்கிச்சு. தொட முடியலை. காலால தள்ளி உட்டேன் கண்ணு.” திரும்பவும் சொன்னாள். “எங்கண்ணனைக் காலால தள்ளி உட்டேன்.”

டாக்டர் கத்தி வைத்தது ஒரு நாளோடு நிற்கவில்லை. நோம்பி முடியும்வரை கைகள் அவருடையவை என்றுதான் பேச்சு. தைத்தார், பிரித்தார், வேறு மாதிரித் தைத்தார். ஒவ்வொரு முறையும் அவள் கழுவினாள். அந்த நாட்களில் அவள் ஓலையால்கூடத் தின்றதை நான் பார்க்கவில்லை. நீராகாரத்தைச் சொம்போடு அண்ணாந்து ஊற்றிக்கொள்வாள், பாதி வெளியே வந்துவிடும். எங்கள் வீட்டுப் பருப்பு வாசம் பட்டாலே ஓங்கரிப்பாள்.

கம்பம் எடுக்கும் நாள் நெருங்கியபோது அவளுக்குக் கையின் நினைவு வந்தது. தைத்ததை எப்படி மறைப்பது? துணி போர்த்தினால் விலகும். எங்கள் லைனில் பூவாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். மில்லில் நூல் சுற்றுபவள். வாய் ஓயாமல் பேசுவாள். லைனில் பாவாத்தாளின் முறத்திலிருந்து பயப்படாமல் வெற்றிலை எடுத்தவள் அவள் ஒருத்திதான். அவளிடம் போய் அவள் புருசனின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைக் கேட்டாள்.

“உங்களுக்கு எதுக்குங்கக்கா சட்டை?”

“எங்கண்ணனுக்கு அம்மணி.”

பூவாத்தாள் அதற்கு மேல் கேட்கவில்லை. கொடுத்துவிட்டாள்.

சின்னான் சொன்னபடியே வண்டியும் நான்கைந்து ஆட்களுமாக வந்தான். அவர்கள் வருவதற்கு முன்பே பாவாத்தாளும் நானும் ஆட்களைக் கொண்டு பிணத்தை வெளியே எடுத்துவிட்டோம். அவள் எண்ணெய் தேய்த்து அரப்பு போட்டுக் குளிப்பாட்டியிருந்தாள். அதைப் பார்த்ததை மறக்கத்தான் இதை எழுதுகிறேன் என்று சொன்னால் பொய். மறக்காது. தோல் சாம்பல் நிறத்தில், ஊறிய மாட்டுத் தோல் மாதிரி தடித்துப்போயிருந்தது. தண்ணீர் ஊற்றினால் மேலேயே நின்று வழிந்தது. பிண நாற்றம் இல்லை. மருந்து நாற்றம் கண்ணைக் கரித்துத் தொண்டையை அடைத்தது. உடம்பு மரமாக விறைத்திருந்ததால் சட்டைக்குள் கையை நுழைக்க முடியவில்லை. சட்டையின் முதுகை மேலிருந்து கீழே கிழித்து, முன்பக்கமாக மாட்டிவிட்டாள். மணிக்கட்டில் பித்தான்களைப் போட்டாள். முதலில் போட்டதை அவிழ்த்து இறுக்கித் திரும்பப் போட்டாள்.

வேப்பமரத்தடியில் கிடத்தியிருந்தோம். பக்கத்தில் எச்சில் இலைகளில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. வெள்ளியங்கிரி மேல் ஒன்றுகூட உட்காரவில்லை.

சின்னான் அப்பன் முகத்தைப் பார்த்து அழுதான். அழுதது துக்கத்திலா மருந்திலா என்று தெரியாமல் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு அவன் சொன்னான். “எங்கய்யன் சட்டையே போட்டதில்லையே அத்தை.”

“செத்த பொறவாச்சும் போடட்டும்டா.”

“கல்யாணத்துக்குப் போறாப்பல இருக்காரு,” என்றான் வந்தவர்களில் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

“குளுப்பாட்டியாச்சு,” என்றாள் பாவாத்தாள் அவசரமாக. “அரப்பெல்லாம் தேச்சாச்சு. அங்க போயி ஒண்ணும் கழட்டவேண்டியதில்லை. நேராக் கொண்டுபோயி வெச்சரலாம்.”

வண்டிக்குப் பின்னால் அவளும் நானும் நடந்தோம். அவள் என்னைக் கூப்பிட்டிருந்தாள். துணைக்கு வேறு பொம்பளை இல்லை. வழி முழுக்க அவள் கண் வண்டிக்குள்ளேயே இருந்தது. வண்டி குலுங்கினால் சட்டைக் கை ஏறிவிடுகிறதா என்று பார்த்தாள்.

ஊர் எல்லைக் கல்லுக்கு அருகில், வெள்ளவேல மர நிழலில், பண்ணாடி குடையோடு நின்றிருந்தார். நோம்பி முடிந்த களைப்பில் தோட்டம் பார்க்கப் போகிறவர். வண்டி நின்றது. ஆட்கள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். அவர் எட்டிப் பார்த்தார்.

“ஏண்டா சின்னா, உங்கப்பன் இருந்தவரைக்கும் என்ற முன்னால குனிஞ்சுதான் நிப்பான். டவுனுக்குப் போயிச் செத்ததும் தொரையாயிட்டானாடா?”

“இல்லீங்க பண்ணாடி. அத்தைதான் போட்டுச்சுங்க.”

“கழட்டுங்கடா.”

பாவாத்தாள் முன்னால் வந்தாள். “அப்படியே போகட்டுமுங்க பண்ணாடி. மண்ணுக்குள்ள போறதுதானுங்க.”

“மண்ணுக்குள்ள போறவனுக்கு எதுக்கு சட்டை? வளவுல நாளைக்கு எல்லாவனும் செத்தாச் சட்டை கேப்பான். கழட்டுடா.”

அவள் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். சின்னான் அவளைப் பார்த்தான், பண்ணாடியைப் பார்த்தான். வண்டியில் ஏறி, மணிக்கட்டுப் பித்தான்களை அவிழ்த்து, கழுத்தைப் பிடித்து இழுத்தான். பின்னால் கிழித்திருந்த சட்டை ஒரே இழுப்பில் கழன்று வந்துவிட்டது.

இரண்டு கைகளிலும் உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை கறுப்பு நூல். கோணி மூட்டை தைத்த மாதிரி. தையலுக்கு இரண்டு பக்கமும் தோல் உள்ளே சுருண்டு, நடுவில் கசிந்த மருந்து வெயிலில் மினுங்கியது. பழைய தையல் பிரித்த ஓட்டைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. சதை வற்றிப்போய்க் கை பாதியாக இருந்தது.

பண்ணாடி குடைத் துணியால் மூக்கைப் பொத்தினார். “கருமம்,” என்றார். காறித் துப்பினார். “கொண்டுபோயி மூடித் தொலைங்கடா.” தோட்டத்துப் பக்கம் திரும்பி வேகமாக நடந்துவிட்டார்.

சின்னான் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான்.

“இதென்ன அத்தை?”

“கையை மட்டும்தாண்டா. வேற எங்கயும் தொடுல.”

“நீ குடுத்தியா?”

“நீதானேடா வெச்சிருன்னு சொன்னே.”

“வெக்கத்தானே சொன்னேன்.”

அவள் வண்டிச் சட்டத்திலிருந்து கையை எடுத்தாள். வண்டி நகர்ந்தது.

வளவில் பிணத்தை வீட்டு முன்னால் இறக்கினார்கள். ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் அருகே வந்து, மருந்து நெடியில் பின்வாங்கி, தள்ளி நின்று மாரில் அடித்துக்கொண்டார்கள். கைகள் மேல் ஒரு கோடித் துணியைப் போர்த்தினார்கள். அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. குழந்தைகளை உள்ளே அனுப்பினார்கள்.

வாய்க்கரிசி போட முறத்தில் ஈர அரிசி வைத்தார்கள். ஒருத்தர் பின் ஒருத்தராகப் போட்டார்கள். தாடை இறுகிக்கிடந்ததால் ஒருவர் போட்ட அரிசியும் வாய்க்குள் போகவில்லை. உதட்டில் பட்டு மோவாயில் வழிந்து கழுத்தடியில் சேர்ந்தது.

பாவாத்தாள் எல்லார் முன்னாலும் ஒரு சொம்புத் தண்ணீரை வாங்கினாள். அரப்பைக் குழைத்து, நகத்துக்கு நகம் தேய்த்து, முழங்கைவரை கழுவினாள். அப்படியொரு கழுவலை நான் பார்த்ததில்லை. கையை உதறிவிட்டு முறத்திலிருந்து அரிசி எடுத்தாள். கையால் எடுத்தாள். குனிந்தாள்.

சின்னான் தன் உள்ளங்கையை அப்பன் வாய்மேல் வைத்து மூடினான்.

“நீ வேண்டாம் அத்தை.”

“சின்னா, அவன் கேட்டிருந்தாண்டா.”

“உன்ற கையால வேண்டாம்.”

யாரோ ஒரு கிழவி, “கூடப் பொறந்தவ, அகப்பையிலயாச்சும் போடட்டும்டா,” என்றாள். அவன் கையை எடுக்கவில்லை.

வெள்ளியங்கிரியை அவர் பெண்டாட்டி பக்கத்தில்தான் புதைத்தார்கள். அவர் கேட்டது கிடைத்தது. பாவாத்தாளுக்கு வளவில் ஒருவரும் தண்ணீர் கொடுக்கவில்லை. கேட்டால் கொடுத்திருப்பார்களோ என்னவோ, அவள் கேட்கவில்லை. திரும்பும்போது நொய்யலில் இறங்கினாள். அதுவரை வலது கை மூடியே இருந்தது. விரித்தபோது அரிசி மாவாகக் குழைந்து ரேகைகளில் ஒட்டியிருந்தது. தண்ணீரில் விட்டாள். மீன் குஞ்சுகள் வந்தன. அதைப் பார்க்கப் பிடிக்காமல் எழுந்துவிட்டாள்.

அறுப்பு ரூமுக்கு அவள் திரும்பப் போகவில்லை. மில்லில் கழிவுப் பஞ்சு பொறுக்கும் வேலைக்குப் பூவாத்தாள் சொல்லிச் சேர்த்துவிட்டாள். பஞ்சுத் தூசியில் இருமல் வந்தது. ஆனால் பஞ்சுக்கு நாற்றம் இல்லை என்பாள். அகப்பையையும் முறத்தையும் மட்டும் அவள் விடவில்லை.

அடுத்த வருசம் பூவாத்தாளின் வலது கையை பெல்ட் இழுத்துக்கொண்டது. விரல்கள் துணித் துண்டு மாதிரி தொங்க அவளை அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் பாலகோபால் கையை எடுக்கவில்லை. தைத்தார். கட்டுப் பிரித்து, வெந்நீரில் வைத்து, நாளெல்லாம் மடக்கிப் பழகி, ஒரு மாதிரி தேறினாள். நானும் பாவாத்தாளும் பார்க்கப் போயிருந்தபோது டாக்டர் வந்தார். பாவாத்தாளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“பாவாத்தா, இதைப் பார். மடக்கும்மா.”

பூவாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினாள். விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. விரிந்தன. திரும்ப வந்தன. உள்ளங்கையிலிருந்து முன்கைக்கு ஒரு தழும்பு, தையல் போட்ட இடமெல்லாம் புள்ளிகளோடு ஓடியது.

“உன் அண்ணன் கையிலதான் இந்தத் தையல் எனக்குப் பிடிபட்டுது,” என்றார் டாக்டர் தணிந்த குரலில், பூவாத்தாளுக்குக் கேட்காதபடி. அவளைச் சந்தோசப்படுத்த நினைத்துத்தான் சொன்னார்.

பாவாத்தாள் தலையை ஆட்டினாள். மெதுவாக வெளியே போய்க் குரோட்டன் செடிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வயிற்றில் இருந்ததெல்லாம் வந்து, இல்லாததும் வர முயன்றது. நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணுக்குக் கை பிழைத்தது. அது நல்லது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கும் அந்த மடங்கும் விரல்களைப் பார்த்தபோது குமட்டியது. இன்றும் குமட்டுகிறது.

பூவாத்தாள் வீட்டுக்கு வந்து, முதல் முதலாக அந்தக் கையால் களி கிண்டிய நாளில், ஒரு உருண்டையை உருட்டி அதே கையில் ஏந்திக்கொண்டு பாவாத்தாள் வாசலுக்கு வந்தாள். ஆவி பறந்துகொண்டிருந்தது.

“இத பாருங்கக்கா, நானே உருட்டுனேன். கட்டை வெரலு மட்டும் கொஞ்சம் பேச்சுக் கேக்க மாட்டேங்குது. வாயைத் தொறங்க.”

பாவாத்தாள் களியைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே, மணிக்கட்டில் ஏறிப்போகும் தழும்பைப் பார்த்தாள்.

“முறத்துல வெச்சுட்டுப் போ அம்மணி. பொறவு திங்கறேன்.”

“ஆறிப்போனா நல்லா இருக்காதுங்க.”

“வெச்சுட்டுப் போ.”

பூவாத்தாளின் சிரிப்பு நின்றது. கையைத் திருப்பித் தானே பார்த்துக்கொண்டாள். “என்ற கை அத்தனை அசிங்கமாவாக்கா இருக்குது? நீங்களே இப்பிடிப் பண்ணுனா மத்தவிய என்ன பண்ணுவாங்க?”

“இல்லீடா கண்ணு. நல்லா இருக்குது. ரொம்ப நல்லாத் தெச்சிருக்காங்க.”

பூவாத்தாள் உருண்டையை முறத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் அந்த வாசலுக்கு வரவில்லை. என்ன காரணம் என்று பாவாத்தாள் அவளிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் அவளும் அந்தக் கையால் தின்ன முடியாமல் போகும் என்றாள் என்னிடம்.

களி ஆறித் தோல் கட்டியது. எறும்பு வந்தது. பொழுது சாய்ந்தபோது பாவாத்தாள் அகப்பையால் அதைத் தள்ளி லைன் நாய்க்குப் போட்டாள். நாய் தின்றது. அவள் பார்க்கவில்லை. உள்ளே உட்கார்ந்து சாம்பல் போட்டு அகப்பையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.